கை காட்டும் இடம்

தண்டவாளத்துக்கு இருபது அடி முன்னால் டிரைவர் மினிபஸ்ஸை நிறுத்தினார்.

கேட் இல்லாத கிராசிங். சிமென்ட் ஆலைக்குப் போகும் ஒற்றைப் பாதை. சரக்கு வண்டி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வாரக்கணக்கில் வராது. ஓரத்தில் துருப்பிடித்த பலகை ஒன்றில் சட்டம் எழுதியிருந்தது. வண்டி நிற்க வேண்டும். கண்டக்டர் இறங்கி நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அவர் கை காட்டிய பிறகுதான் கடக்க வேண்டும்.

கண்டக்டர் சூசைராஜ் பின்படியில் இறங்கினான்.

முன்பெல்லாம் முன்படியில்தான் இறங்குவான். டிரைவரிடம் ஒரு வார்த்தையாவது வம்பிழுக்காமல் இறங்கமாட்டான்.

இன்று காலையிலிருந்து இருவருக்கும் நடுவில் விசில் மட்டும்தான்.

மூன்று மாதம் கழித்து இன்றுதான் அவர் ஸ்டியரிங்கைத் தொடுகிறார். அதுவரை லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடந்தது, அவர் வீட்டில் கிடந்தார். மனைவி வெங்காயம் உரிக்கச் சொன்னால் உரித்தார். தெருவில் யாராவது இன்னிக்கும் லீவா என்று கேட்டால் உடம்பு கூசிப்போனது.

லைசென்ஸ் போன அன்றைக்கு நேரமாகிவிட்டது. இதே இடத்தில் நிறுத்தாமல் பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார். அடுத்த வளைவில் நின்றிருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பஸ்ஸை மறித்தார். கிராசிங்கில் இறங்கிப் பார்த்தாயா என்று சூசைராஜிடம் சும்மா ஒப்புக்குத்தான் கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

இறங்கவில்லை என்றான் சூசைராஜ்.

பதினோரு வருடமாக அவருடைய டிபன் பாக்ஸில் கை நனைத்தவன்.

இப்போது அந்த சூசைராஜ் தண்டவாளத்தில் நிற்கிறான். வலப்பக்கம் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான்.

கை காட்டவில்லை.

டிரைவர் சீட்டிலிருந்து வலப்பக்கம் ஆலை வாசல்வரை தெரிந்தது. காலி. இடப்பக்கம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. சத்தம் எதுவும் இல்லை. எஞ்சின் வந்தால் அங்கேயே ஊதியிருக்குமே.

ஒரு நிமிடம் போனது. பஸ்ஸுக்குள் முனகல் கிளம்பியது. யாரோ சிரித்தார்கள்.

“எடுங்கண்ணே, ஒண்ணும் வரல,” என்றது பின்சீட்டுக் குரல்.

வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தார். முதல் நாளே நாலு பேர் பார்க்க என்னை நிற்க வைத்து அழகு பார்க்கிறான். ஹாரனை அழுத்தினார்.

சூசைராஜ் திரும்பவில்லை. இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ் நகர்ந்தால் தானாக விலகுவான்.

முதல் கியரைப் போட்டார். கிளட்சிலிருந்து காலை எடுப்பதுதான் பாக்கி.

சூசைராஜின் உள்ளங்கை எழுந்தது. நில். கையைத் தூக்கியபடியே பின்வாங்கி பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

கருவேலத்தின் மறைவிலிருந்து ஒரு வேகன் வந்தது. முன்னால் எஞ்சின் இல்லை. அதன் பின்னால் இன்னொரு வேகன், இன்னொன்று. எஞ்சின் கடைசியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. அத்தனை கனமும் பக்கத்தில் வரும்வரை சத்தமே கேட்கவில்லை. முதல் வேகனில் தொற்றிக்கொண்டிருந்த ஆள் பஸ்ஸைப் பார்த்த பிறகுதான் கொடியை விரித்தான்.

நிறுத்தாமல் போன அன்றைக்கு எதுவும் வரவில்லை, அவ்வளவுதான் என்று அவருக்குத் தோன்றியது. வேகன்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்த எண்ணம் மட்டும் போகவில்லை.

கடைசியில் எஞ்சினும் கடந்தது. சூசைராஜ் மறுபடியும் தண்டவாளத்தில் ஏறினான். இரண்டு பக்கமும் பார்த்தான். வா என்று கை காட்டினான்.

அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். கைப்பிரேக்கை இழுத்து எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கி, நடந்துபோய் அவன் பக்கத்தில் நின்றார்.

பதினோரு வருடத்தில் இங்கே அவர் நின்றதில்லை.

கருவேலத்துக்கு அந்தப் பக்கம் பாதை நெடுந்தூரம் நேராகப் போயிற்று. கோடியில் வெயில் நெளிந்தது.

“தூரத்துல பாத்தா நிக்குதா வருதான்னு தெரியாதுண்ணே,” என்றான் சூசைராஜ்.

அவர் திரும்பித் தன் பஸ்ஸைப் பார்த்தார்.

முன்கண்ணாடி முழுக்க முகங்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். முன்சீட்டில் ஒரு குழந்தை கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எல்லோரும் அவர்கள் இருவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சூசைராஜ் இங்கே நின்று இந்த முகங்களைப் பார்க்கிறான்.

“நீங்க போய் வண்டிய எடுங்கண்ணே. நான் காட்டுறேன்.”

அவர் போகவில்லை.

இடப்பக்கம் இன்னொரு முறை பார்த்தார்.