எலும்புச் சீப்பு

மகன் டெல்லியில் வந்து இறங்கிவிட்டான் என்று தெரிந்ததிலிருந்து ஒச்சாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் ராம்கி, ஐந்து வருடத்துக்குப் பிறகு இந்தியா வந்திருக்கிறான். கண்காட்சிக்கு வந்த பழைய சீப்பு ஒன்றுக்குத் துணையாக அனுப்பியிருந்தார்கள்.

"ஒரு நாளாச்சும் நம்ம ஊரு எழுமலைக்கு வந்துட்டுப் போய்யா. மதுரைக்குத்தான் பிளேன் இருக்காம்ல?" என்றாள் போனில்.

"முடியாதும்மா. சீப்பக் கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டுற வரைக்கும் நான் பக்கத்துலயே நிக்கணும். மறுநாளே திரும்ப டிக்கெட் போட்டுட்டாங்க."

"ஒரு சீப்புக்கா இம்புட்டுக் காவல்?"

"இங்கிலாந்துல ஆங்கிலோ சாக்சன் ராசாக்க ஆண்ட காலத்துச் சீப்பும்மா. எலும்புல செதுக்குனது. ஆயிரத்து இருநூறு வருஷம் இருக்கும்."

"அம்புட்டு வருஷமா எலும்பு கெடாம இருக்குமா?"

"ஈரம் படாம வச்சிருந்தா இருக்கும்மா."

"சரிய்யா. நேரத்துக்குச் சாப்புடு."

போனை வைத்துவிட்டுத் தோட்டத்து மோட்டார் அறைக்குப் போனாள். சுவர் ஆணியில், மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண்கலயம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் புருசனை எரித்த அன்று, லீவு கிடைக்காத ராம்கி போனில் கதறினான். "அப்பா எலும்பையும் சாம்பலையும் யாரும் கரைக்க வேணாம்மா. நானே வந்து ராமேஸ்வரத்துல கரைக்கிறேன்" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

ஒச்சாயி அண்ணாந்து பார்த்தாள். ஓடு ஒழுகிய தடம் ஆணிக்கு நேராக இறங்கியிருந்தது. கலயத்தை ஆணியிலிருந்து மெல்ல இறக்கி, ஈரம் படாத மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.