தெருவே பார்த்த வெளிச்சம்

"எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாங்க" என்று மனைவி கெஞ்சியும் கேட்காமல், ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, எல்.இ.டி. விளக்குச் சரத்தை விளிம்பு முழுக்க நானே மாட்டினேன். "சுவிட்சைப் போடு!" என்று மேலிருந்து கத்தினேன்.

வீடு ஜொலித்தது. நடந்துபோனவர்கள் நின்றார்கள். கார்கள் நின்றன. என்னை ஒருநாளும் பாராட்டாத எதிர்வீட்டுக்காரர்கூடச் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் கையசைத்தேன்.

"பாத்தியா? தெருவே நம்ம வீட்டைத்தான் வேடிக்கை பாக்குது!"

"வீட்டை இல்லங்க, உங்களை," என்றாள் மனைவி கீழிருந்து. "ஏணி சரிஞ்சு விழுந்து ரெண்டா ஒடிஞ்சதுகூடத் தெரியாம கையாட்டுறீங்க. எதிர்வீட்டு அண்ணன் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிட்டாரு. அசையாம உக்காருங்க."

கூரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சரி, வண்டி வர்ற வரைக்கும் இந்த லைட்டையாவது அணைச்சுத் தொலையேன்!"