விசாரிக்க ஒரு நம்பர்

"நேத்து 'எப்ப வந்து சேருறீங்க'ன்னு கேட்டவங்க, இன்னைக்கு 'வேற ஆள் பாத்துட்டோம்'ங்கிறாங்க. ஒரே நாள்ல அப்படி என்னடி ஆயிடும்?"

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி கேட்டாள் பெரியக்கா. மற்ற இரண்டு முனைகளும் குட்டியின் கையில் இருந்தன. அந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது எப்போதும் இரண்டு பேர் வேலை. ஒன்பது வருடமாக இவர்கள் ஒரு ஜோடி. குட்டிக்கு வயது நாற்பத்தாறு. உயரத்தால் வந்த பெயர் அது.

"இதோட மூணு இடம் போச்சு. மூணு பேரும் ஒரே மாதிரி கழண்டுக்கிட்டாங்க."

"எல்லாம் அந்த மகராசன் வேலையாத்தான் இருக்கும்" என்று குட்டி கண்ணாடி அறைப் பக்கம் முகவாயைக் காட்டினாள்.

மகராசன் என்றால் புது சூப்பர்வைசர். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்த அன்றைக்கே ஸ்டூல்களை எல்லாம் தூக்கச் சொல்லிவிட்டார். ஒரு விரிப்புக்கு எத்தனை நொடி என்று பக்கத்தில் நின்று செல்போனில் பார்ப்பார். அதிலும் ஐம்பத்திரண்டு வயதுப் பெரியக்கா என்றால் தனி கவனிப்பு.

"பெரியம்மா, கை ஓடலைன்னா வீட்ல உக்காந்து பேரப்பிள்ளையைக் கொஞ்சலாமே!"

பெரியக்காவின் மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் சம்பளம் என்று வருவது பெரியக்காவுடையது மட்டும்தான். வேறு வேலை கிடைக்காமல் இதை விட முடியாது.

அன்று பெரியக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. விரிப்பைப் போட்டுவிட்டு நேரே கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள்.

"சார், நான் வேற இடம் தேடுறது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. சரி. ஆனா விசாரிக்கிறவங்ககிட்ட எல்லாம் ஏன் சார் என் பொழப்பைக் கெடுக்குறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்கிட்ட யாருமே விசாரிக்கலையே!"

"மூணு இடம் சார்."

"ஒருத்தர்கூட ஃபோன் பண்ணல. பண்ணியிருந்தா உங்களைத் தூக்கித் தலையில வெச்சுல்ல பேசியிருப்பேன்? நீங்க கிளம்பினா அந்த இடத்துக்கு இருபது வயசுல ஓர் ஆளைப் போட்டுக்குவேன். நான் எதுக்குக் கெடுக்கப்போறேன்?"

திட்டுகிறாரா, உதவி செய்கிறேன் என்கிறாரா, ஒன்றும் விளங்கவில்லை. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"அவரு இல்லையாம்டி."

"அப்ப வயசுதான்க்கா. வேற என்ன? விட்டுத் தள்ளு. நாம ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறப்ப இந்த ஆளு என்ன பண்ணிடுவான்?"

சொன்னதோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் செல்போனோடு வந்து நின்றபோது, "சார், அஞ்சாம் நம்பர் மெஷின்ல தண்ணி ஒழுகுது, ஓடுங்க!" என்று கத்தி அவரைத் துரத்திவிட்டாள். எந்த மெஷினிலும் தண்ணீர் ஒழுகவில்லை.

வீட்டில் மகள் செல்போனில் நாலாவது விண்ணப்பத்தை நிரப்பினாள். ஒரு பெரிய ஓட்டலில் துணி அறை வேலை.

"வயசைக் கொஞ்சம் குறைச்சுப் போடட்டுமாம்மா?"

"போடு. நரைச்ச தலையை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறதுன்னும் நீயே சொல்லிடு."

"உன்னைப் பத்தி விசாரிக்க ஒரு நம்பர் கேக்குறாங்க. எப்பவும் போல குட்டி சித்தி நம்பர்தானே?"

பெரியக்கா யோசித்தாள். குட்டி பாசக்காரி. அக்காவைப் பற்றிக் கேட்டால் வானத்துக்கும் பூமிக்கும் அளந்திருப்பாள். கேட்டவர்களுக்கு அதிலேயே சந்தேகம் வந்திருக்குமோ?

"வேண்டாம். சூப்பர்வைசர் நம்பரைப் போடு."

"அம்மா, உனக்கென்ன பித்துப் பிடிச்சிருச்சா? தினமும் அந்த ஆளைத் திட்டிக்கிட்டே வர்ற!"

"திட்டுறேன்தான். இருந்தாலும் நான் போகணும்னு என்னைவிட அதிகமா ஆசைப்படுறது அவரு ஒருத்தர்தானேடி."

நாலாம் நாள் ஓட்டலிலிருந்து ஃபோன் வந்தது.

"உங்க சூப்பர்வைசர் ரொம்ப வருத்தப்பட்டுப் பேசினாரும்மா. இப்படி ஓர் ஆளை விடவே மனசில்லைன்னாரு. திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க."

பெரியக்கா ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷப்படுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. தன்னைத்தான் சொன்னார்களா என்றுகூட ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் குட்டியிடம் சொன்னாள்.

குட்டி கையிலிருந்த விரிப்பை அப்படியே நழுவவிட்டாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"ஏய், அழாதடி. மூணு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் போறேன். நல்ல சேதி சொன்னா இப்படியா?"

"அவங்க எனக்கு ஃபோனே பண்ணலையேக்கா!" குட்டி விக்கலுக்கு நடுவில் கேட்டாள். "எப்பவும் நீ என் நம்பரைத்தானே கொடுப்ப?"

"இந்தத் தடவை அந்த ஆளு நம்பரைக் கொடுத்தேன். அதுக்கு ஏண்டி இந்த அழுகை?"

"என் நம்பரைக் கொடுத்திருந்தா, அந்த மூணு பேர்கிட்ட சொன்ன மாதிரியே இவங்ககிட்டயும் உனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு சொல்லி, உன்னை என்கூடவே வெச்சிருப்பேனேக்கா!"