பதினாறாவது வரிசை

தங்கசாமி இரண்டு கைகளையும் விரித்து, ஸ்விட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அணைக்காதீங்க மேடம். வேற என்ன வேணா சொல்லுங்க, செய்யறேன்."

வினோதினிக்கு எரிச்சலாக வந்தது. ஒன்பதரைக்கு பிராக்டிகல் தேர்வு. திருச்சியிலிருந்து வரும் எக்ஸாமினர் சிறுவாச்சூரைத் தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது. இந்த நேரத்தில் லேப் அட்டெண்டர் சர்வருக்குக் காவல் நிற்கிறார்!

முதல் பேட்ச்சில் பதினாறு மாணவர்கள். ஒவ்வொருவரும் கம்ப்யூட்டருக்குள் ஒரு செய்தி வரிசையைத் திறந்து, அதில் ஒரு செய்தியைப் போட்டு, இன்னொரு புரோகிராம் மூலம் எடுத்துக் காட்ட வேண்டும். அந்த சர்வர் மொத்தமே பதினாறு வரிசைகளைத்தான் தாங்கும். பழகிப் பார்த்தவர்கள் விட்டுப்போன பழைய வரிசைகளே இப்போது அதை அடைத்துக்கொண்டிருந்தன. அவை தானாகப் போகாது. ஒன்று அழிக்க வேண்டும், இல்லையென்றால் மெஷினை அணைத்துப் போட வேண்டும்.

"நேத்து பாத்தீங்கல்ல? ஹபிபுல்லாவுக்கு 'இடமில்லை'ன்னு வந்துச்சு. தேர்வுல அப்படி வந்தா அந்தப் பையன் ஃபெயிலுண்ணே."

"அணைச்சா எல்லாம் போயிடுமே மேடம்."

"போகணும்னுதான் அணைக்கறேன்!"

அந்த சர்வர் மேல் தங்கசாமிக்கு இருந்த அக்கறை பெரம்பலூரின் அந்தக் காலேஜ் முழுக்கப் பிரசித்தம். கரண்ட் போனால், யூ.பி.எஸ். கத்துவதற்குள் ஜெனரேட்டருக்கு ஓடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகூட குரும்பலூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து பார்த்துவிட்டுப் போவார். பிப்ரவரியில்தான் வேலைக்குச் சேர்ந்த வினோதினி, அதைக் கடமை உணர்ச்சி என்று மெச்சியிருந்தாள்.

"சரி, அணைக்கல. கமாண்ட் போட்டே தூக்கிடறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

'ஐபிசிஎஸ்' என்று தட்டியதும் பட்டியல் வந்தது. பதினாறு வரிசைகள். எல்லாம் மாணவர்களின் பொது லாகினில் திறந்தவை, எது யாருடையது என்று தெரியாது. பதினைந்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் மட்டும் ஒரு செய்தி, யாரும் எடுக்காமல் கிடந்தது.

'ஐபிசிஆர்எம்' என்று தட்டி, ஒவ்வோர் எண்ணாக அழித்துக்கொண்டே வந்தாள். காலி வரிசைகள் பதினைந்தும் போயின. கடைசி எண்ணுக்கு வந்தபோது கீபோர்டின் ஓரத்தில் தங்கசாமியின் கை வந்து விழுந்தது.

"இந்த ஒண்ண மட்டும் வுட்டுடுங்க மேடம். முன்ன இருந்த வேணுகோபால் சாரும் இத வுட்டுத்தான் வச்சிருந்தாரு."

வினோதினி திரும்பிப் பார்த்தாள். சட்டென்று எல்லாம் விளங்கியது போலிருந்தது. தேர்வுக்கு முன்பே யாரோ விடையை உள்ளே போட்டு வைத்திருக்கிறார்கள்!

"யாருது இது?"

"ஒரு பொண்ணுதுங்க."

"ஓகோ. எந்தப் பொண்ணு?"

தங்கசாமி திரையில் இருந்த அந்தக் கடைசி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜெனரேட்டருக்கு ஓடுனதெல்லாம் இதுக்குத்தானா? உங்கள எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சிருந்தேன்! காப்பியடிக்கத் துணை போறீங்களே, இந்த வயசுல வெக்கமா இல்ல?"

அவர் முகம் செத்துப்போனது. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

அந்தச் செய்தியை எடுத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஆனால் வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். எக்ஸாமினர் முன்னால் காலேஜ் மானம் போக வேண்டாம் என்று நினைத்தாள் வினோதினி. எண்ணைத் தட்டி, என்டரை அழுத்தினாள். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

தேர்வு ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது. ஹபிபுல்லா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வெளியே போனான்.

மதியம் ஜெனரேட்டர் ஷெட் படியில் உட்கார்ந்திருந்தார் தங்கசாமி. பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் இருந்தது. வினோதினி எதிரே போய் நின்றாள்.

"பேரச் சொல்லுங்கண்ணே. நான் ஹெச்.ஓ.டி.கிட்ட சொல்லியாகணும்."

"மலர்க்கொடி. செகண்ட் இயர்."

"செகண்ட் இயர்ல அப்படி யாரும் இல்லையே?"

"இல்லைங்க. தை மாசம் மஞ்சக்காமாலையில போயிடுச்சு. எம்பொண்ணுதான் மேடம்."

வினோதினி படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாளு லேப்லேருந்து ஓடியாந்துச்சு. 'ப்பா, பாடத்துக்கு ஒரு சேதி எழுதிப் போடச் சொன்னாங்க. நான் உனக்குத்தான் எழுதியிருக்கேன். என்னன்னு இப்ப சொல்ல மாட்டேன் போ. அடுத்த வாரம் எடுக்கறதுக்குச் சொல்லித் தருவாங்க, அப்பக் காட்டறேன்'னுச்சு. அடுத்த வாரம் அது ஆஸ்பத்திரில கெடந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்றாள் வினோதினி. "ஒரு நிமிஷத்துல எடுத்து பேப்பர்ல பிரிண்ட் போட்டுக் குடுத்திருப்பேனே! என்ன எழுதியிருக்குன்னுகூடப் பாக்காமயா மூணு மாசமா காவல் காத்தீங்க?"

தங்கசாமி நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் கோபமே இல்லை.

"ஒருதரம் எடுத்துப் படிச்சா அதோட அழிஞ்சிடும்னு கிளாஸ்ல நீங்கதானே மேடம் சொன்னீங்க?"