விசாலாக்ஷி இடித்த உப்பு

புருஷன் குடிப்பதற்கு விசாலாக்ஷி தன் கையாலேயே உப்பு இடித்துக் கொடுக்கிறாள் என்ற சேதி மைசூர் லக்ஷ்மிபுரத்திலிருந்து புறப்பட்டு, ஷிமோகாவில் வாத்தியாராக இருந்த தம்பி சேஷுவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்துவிட்டான்.

அவன் வந்து நின்றபோது அக்கா உண்மையிலேயே உப்புதான் இடித்துக்கொண்டிருந்தாள்.

குடகு ஆரஞ்சுத் தோலையும் எலுமிச்சைத் தோலையும் உள்பக்கத்து வெள்ளையைச் சுரண்டிவிட்டு நிழலில் உலர்த்தியிருந்தாள். இல்லாவிட்டால் கசந்துவிடுமாம். அதோடு வறுத்த கல்லுப்பு, நிறத்துக்குப் பேடகி மிளகாய், காரத்துக்கு ஊசி மிளகாய். உலக்கை விழ விழ வீடு முழுக்க ஒரு வாசனை கிளம்பிற்று. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் சேஷு நின்றான். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு தோப்புக்குள் நடப்பது போல இருந்தது.

பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"இது எதுக்கு அக்கா?"

"சாயங்காலம் அவர் குடிக்கிற கிளாஸ் விளிம்பிலே தடவறதுக்கு."

அவள் மறைக்கவே இல்லை. கிளப்பில் துரைமார்கள் ஜின்னை அப்படித்தான் குடிப்பார்களாம். அங்கே பட்லராக இருப்பவரின் மனைவி கெம்பம்மாதான் பக்குவம் சொல்லிக் கொடுத்தாளாம். வெளியே போய்க் குடித்துவிட்டு யாரோ தாங்கிப் பிடித்துக் கூட்டிவருவதற்குப் பதிலாக, வீட்டிலேயே நான் கலந்து தருகிறேன் என்று இவளே சொல்லிவிட்டாளாம்.

அத்திம்பேர் கிருஷ்ணஸ்வாமி மராமத்து இலாகாவில் நல்ல பேர் எடுத்தவர். ஒரே பெண் குழந்தை பிளேக்கில் போன பிறகுதான் இந்தப் பழக்கம். அப்போது சேஷு ஒருமுறை வந்திருக்கிறான். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். சமையலறையில் பாத்திரம் உருண்டால்தான் வீட்டில் சத்தம்.

அதற்காகக் குடிக்கிறவனுக்குக் கூடமாட ஒத்தாசை செய்வதா? சேஷு பொரிந்து தள்ளினான். தெருவே சிரிக்கிறது, நம் குடும்பத்து மானம் போகிறது, நாளைக் காலை வண்டியில் என்னோடு கிளம்பு என்றான்.

விசாலாக்ஷி இலை போட்டாள். நறுக்கின வெள்ளரிக்காயில் அந்த உப்பைத் தூவி வைத்தாள். சேஷு கோபத்தோடேயே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். மோரிலும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் மொட்டை மாடியில் பிரம்பு நாற்காலி போடப்பட்டது.

சாமுண்டி மலை பாதி பனியில் கரைந்திருந்தது. மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. அரண்மனைப் பக்கமிருந்து பாண்டு வாத்தியம் காற்றில் வந்து வந்து போயிற்று. கிருஷ்ணஸ்வாமி பாதி மூடிய கண்களோடு சாய்ந்திருந்தார். கையில் கிளாஸ். விளிம்பு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக உப்பு. பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து விசாலாக்ஷி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பூக்காரி சொன்னது, கிணற்றில் விழுந்த குடத்தை எடுத்தது, குழந்தை முதன்முதலில் மழையைப் பார்த்துப் பயந்தது. அவர் நடுநடுவே மெல்லச் சிரித்தார். இருட்டு வந்ததை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சேஷு மாடிக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து அக்கா கீழே இறங்கினாள். இதற்காகவே காத்திருந்தவன் போல அவன் போய் அத்திம்பேர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினான். கைப்பிடிச் சுவருக்கு வெளியே கொட்டுவதாகத்தான் எண்ணம்.

முகத்தருகே வந்ததும் கை நின்றது. எலுமிச்சை வாசனை வந்தது. மிளகாய் நெடி வந்தது. சாராய நாற்றம் மட்டும் இல்லை.

ஒரு வாய் குடித்துப் பார்த்தான். உதடும் தொண்டையும் எரிந்தன. உள்ளே போனது வெறும் தண்ணீர்.

"தண்ணிதான்," என்றார் கிருஷ்ணஸ்வாமி. கண்களை முழுக்கத் திறந்திருந்தார். அவை தெளிவாக இருந்தன. "முதல்லே பாதிக்குப் பாதி கலந்தா. அப்புறம் முக்கால். நான் கண்டுபிடிக்காம இருக்க உப்பிலே காரத்தை ஏத்திண்டே போனா. தசராவுக்கு அப்புறம் ஒரு சொட்டுக்கூட இல்லை. குடிச்சுப் பழகின நாக்கு, தெரியாம இருக்குமா?"

அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று சேஷு கேட்டான்.

அவர் மாடிப்படியின் பக்கம் பார்த்தார்.

"குழந்தை போனப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் பேசிக்க ஒண்ணுமே இல்லாம போயிடுத்து, சேஷு. இப்போ இந்தக் கிளாஸ் காலியாகற வரைக்கும் பக்கத்திலே உட்கார்ந்து பேசறா. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, நாளைக்கு எதுக்கு வந்து உட்காருவா?"

படியில் மெட்டி சத்தம் கேட்டது.

விசாலாக்ஷி மேலே வந்தாள். தம்பியின் கையில் கிளாஸைப் பார்த்தாள். அவன் உதட்டில் ஒட்டியிருந்த உப்பையும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சேஷு கிளாஸை அத்திம்பேர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். மேல்துண்டால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"என்ன நாத்தம் அக்கா இது, குடலைப் புரட்டறது. இதை எப்படித்தான் தினம் குடிக்கறாரோ."