பரங்கியின் அடிப்பக்கம்

"கேரல், இறக்கச் சொல்லாதீங்க. அடியில ஒரு தடவை கை வச்சுப் பாருங்க."

சொன்னது நான்தான்.

அக்டோபர் பரங்கித் திருவிழா. ஏரிக்கரையில் பாதி நியூ ஹாம்ப்ஷயர் நின்றது. லூதரின் பரங்கிக்காய், பட்டை கட்டி, கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்குக் குறையாது. நடுவர் கேரல் சுற்றிப் பார்த்துவிட்டு, தராசில் இறக்கலாம் என்று கையைத் தூக்கிவிட்டார்.

பட்டையைப் பிடித்துக்கொண்டு காய்க்குக் கீழே நின்ற எனக்கு மட்டும்தான் தெரிந்தது. மடிப்புக்குள் ஓர் ஓட்டை. கட்டைவிரல் அளவு.

உள்வரை ஓட்டை போனால் காய் போட்டிக்கு ஆகாது. இந்த விதியைப் போன வருஷம் எனக்குக் காட்டியவனே லூதர்தான். என் காயின் காம்போரம் விரிசல் இருப்பதை இதே கேரலிடம் சொன்னான். நாற்பது வருஷச் சிநேகிதன். கேட்டதற்கு, "விதின்னா எல்லாருக்கும்தானே ஆரின்" என்றான்.

அன்று சாயங்காலமே அந்தக் காயைக் கோடரியால் பிளந்தேன். எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் கொட்டினேன். அதோடு பேச்சு நின்றது. கூட்டாளிகள் எல்லோரும் வருஷா வருஷம் அவன் தோட்டத்தில் கூடி ஆப்பிள் சாறு பிழிவோம். இந்த வருஷம் நான் போகவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பினான். கதவைத் திறக்கவில்லை.

என் காயைத் தள்ளியதில் போனது பரிசு மட்டுமல்ல; தள்ளிய காயின் விதையை யாரும் வாங்கிப் போடமாட்டார்கள். எடை சொல்லும்போது, அந்தக் காய்க்கு விதை யாருடையது என்றும் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். முதலிடம் வந்தால் அந்தப் பெயர் ஊர் ஊராகப் போகும். இருபத்தாறு வருஷம் பயிரிட்டும், விதைக்கு என் பெயரை ஒருநாளும் வாசித்ததில்லை.

இந்தக் காய்க்கு விதை யாருடையது என்று காலையிலிருந்து எல்லோரும் லூதரைக் குடைந்திருக்கிறார்கள். வாசிக்கும்போது கேட்டுக்கோங்க என்று சிரித்தானாம். எவனோ பெரிய ஆளிடம் வாங்கியிருப்பான், அதுதான் இந்தத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

கேரல் குனிந்து விரலை விட்டார். முழு விரலும் போயிற்று. எழுந்து, ஆகாது என்று தலையாட்டினார்.

கூட்டம் 'ச்சே' என்றது.

கிரேன் ஓட்டும் மெர்ல் எட்டிப் பார்த்தான். "பழி தீர்ந்துச்சா ஆரின்? இன்னிக்காவது சோறு இறங்குமா?"

"விதின்னா எல்லாருக்கும்தானே" என்றேன், லூதருக்குக் கேட்கிற மாதிரி.

லூதர் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். வந்தான். ஓட்டையைத் தடவிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாமப் போச்சு. நீ பார்த்தது சரிதான்டா" என்றான். அப்புறம், "நம்ம ரெண்டு பேருக்கும் ராசியில்ல போல" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தான்.

நம்ம ரெண்டு பேருக்குமா?

"ஆரின், அந்தச் சீட்டைக் கழட்டிடுங்க. இனிமே வாசிக்க வேண்டியதில்ல" என்றார் கேரல்.

பட்டையில் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்தேன். லூதரின் கோணல் எழுத்து.

'வளர்த்தவர்: லூதர் கிம்பல். விதை: ஆரின் வைட்டிங் காய், போன வருஷம். பள்ளத்தில் பொறுக்கியது.'

மேலே இருந்து மெர்ல் குரல் கொடுத்தான்.

"விதை யாருதுன்னு போட்டிருக்கு? சத்தமா வாசியேன், எல்லாரும் கேக்குறாங்க."

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.