விடுபட்ட ஆறு எண்கள்

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் ஒவ்வொரு அறையிலும் உள்ள கருவி, அறையின் பெயரோடு வரிசை எண்ணும் போட்டுத்தான் என் திரைக்குத் தகவல் அனுப்பும். ஏற்கெனவே வந்த எண் மறுபடி வந்தால் திரை அதைத் தள்ளிவிடும். நடுவில் எண் விடுபட்டால், வரும்வரை கேட்டு நச்சரிக்கும்.

காலை பத்து மணிக்கு மூன்றாம் அறையிலிருந்து 4111 வந்தது. அடுத்து வந்தது 4118: 'கதவு பூட்டியுள்ளது. உள்ளே ஒருவர். அசைவு இல்லை.'

போய்க் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். அறை காலி. திரும்பி வந்தால் திரை சிவப்பாக இருந்தது: 'விடுபட்டவை ஆறு.'

மேற்பார்வையாளர் என் அக்காவின் கணவர். "ஒரு மெஷினப் பாத்துக்கத் துப்பில்ல. உங்கக்கா முகத்துக்காகத்தான் உன்னைய இங்க வெச்சிருக்கேன். தள்ளு, நானே போய் அந்தக் கருவியக் கழட்டிட்டு வர்றேன்."

"உள்ள போகாதீங்க மச்சான். நம்பர் சரியில்ல."

"நீ வாய மூடு."

ஸ்க்ரூடிரைவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்.

4112: கதவு திறந்தது. 4113: உள்ளே ஒருவர். 4114: கதவு பூட்டிக்கொண்டது.

அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே அவசர மணி உண்டு. அது என் திரைக்கு மட்டும்தான் வரும்.

4115: மணி அழுத்தப்பட்டது. 4116: மணி அழுத்தப்பட்டது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

4117 வருவதற்குள் மதியமாகிவிட்டது: மணி நின்றது. திரை பச்சையானது: 'விடுபட்டது எதுவும் இல்லை.'

சாப்பிட எழுந்தபோது மூன்றாம் அறையிலிருந்து 4118 வந்தது. ஏற்கெனவே வந்த எண் என்பதால் திரை அதைத் தள்ளிவிட்டது.